அறுபத்துநாலு பேருக்கான கல்

என் கல்யாணத்துக்கு வந்தவங்க ஒருத்தரையும் நான் மூணு வருஷமா மன்னிக்கல.

வந்தாங்க, வாழ்த்துனாங்க, பந்தியில உக்காந்தாங்க. பாதிச் சோத்தைத் தின்னுட்டு மீதியைத் தூக்குச்சட்டியில அள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க. ஒருத்தர் ரெண்டு பேருன்னா போகட்டும்னு விட்டுரலாம். சரக்கேத்துற கூடத்து ஆளுக நானூறு குடும்பமும் அப்படித்தான். கூடத்து மேஸ்திரி ஆவுடையப்பன் இருக்காரே, அவரு மூணு தூக்குச்சட்டி கொண்டுவந்திருந்தாரு. மூணு! கூச்சநாச்சம் வேண்டாமா மனுசனுக்கு?

சோறு போனாப் போகுது. முந்திரிக்கொத்து ஆயிரத்து முந்நூறு உருண்டை பிடிச்சிருந்தோம். பாசிப்பயறை வறுத்துத் திரிச்சு, வெல்லப்பாகு ஊத்தி, பார்த்துப் பார்த்துச் செஞ்சது. ‘சங்கரநயினார் – பேராச்சி’ன்னு அச்சடிச்ச துணிப்பையில, வீட்டுக்கு மூணு போட்டுக் குடுக்கிறதா ஏற்பாடு. பந்தி முடியிறதுக்குள்ள பையும் காலி, உருண்டையும் காலி. சாயங்காலம் கல்யாணப் பொண்ணு வந்து, “ஒண்ணாச்சும் இருக்கா?”ன்னு கேக்குறா. தாம்பாளத்துல தூளுதான் கெடந்துச்சு. அதை விரலால தொட்டு நக்கிட்டு அவ சிரிச்சா. எனக்கு ரத்தம் கொதிச்சுது.

“பஞ்சத்துல அடிபட்டதுக!”ன்னு கத்துனேன்.

“விடுங்க, பசி போல. எல்லாரும் மெலிஞ்சுல்லா இருக்காங்க”ன்னா பேராச்சி.

மெலிஞ்சுதான் இருந்தாங்க. அந்த வருஷம் கூடத்து ஆளுக எல்லாருக்குமே கன்னம் ஒட்டிப்போயிருந்துச்சு. ஏதோ காய்ச்சல் சுத்துதுன்னு நினைச்சேன். நமக்கெதுக்கு வம்புன்னு கேக்கவும் இல்ல.

நெடுந்துறைன்னதும் கடற்கரைன்னு நினைச்சுராதீங்க. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல சுத்துற ஒரு பாறை. அதைக் குடைஞ்சு கட்டுன ஊரு. தூத்துக்குடித் துறைமுகத்துல மூட்டை தூக்குனவங்க, கிரேன் ஓட்டுனவங்க, வெல்டிங் அடிச்சவங்கன்னு ஆள் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து மூணு தலைமுறை ஆகுது. போர்க்கப்பல் கட்டுறதும் சரக்கு ஏத்துறதும்தான் இங்க பொழப்பு. நான் சரக்குச் சரிபார்ப்பாளர். ஒரு கிராம் கூடினாலும் திருப்பி அனுப்புவேன், ஒரு கிராம் குறைஞ்சாலும் திருப்பி அனுப்புவேன். எனக்கு ‘கிராம் நயினார்’னு பட்டப்பேரு உண்டு. அதுல எனக்கு ரகசியமா ஒரு பெருமையும் உண்டு.

அந்தக் கல்யாணத்துக்கு மூணு மாசம் முந்தி நான் போட்ட ஒரு கையெழுத்துதான் இந்தக் கதை.

‘வெள்ளிக்கெண்டை’ன்னு புதுசா ஒரு கப்பல் வரைஞ்சாங்க. வரைஞ்ச மகராசனுக பெரிய மூளைக்காரங்க. போர்க்கப்பல் கனத்தா வேகம் போச்சு, வேகம் போனா அடி விழும்னு, எதையெல்லாம் கழிக்கலாம்னு பார்த்துக் கழிச்சாங்க. தகட்டைக் குறைச்சாங்க, படுக்கையைக் குறைச்சாங்க. கடைசியா திரும்பி வர்ற வழிக்கான சாப்பாட்டுக் கிடங்கையே வெட்டிட்டாங்க. போற வழிக்கு மட்டும் கப்பல்ல சோறு. திரும்புற பதினாலு மாசத்துக்கான சோத்தைப் பீப்பாயில அடைச்சு, பாறை மேல இருக்கிற பெரிய கவண்ல வச்சு முன்கூட்டியே எறிஞ்சிரணும். எஞ்சின் இல்லாத பீப்பாய் மெதுவா மெதுவா மெதந்து மூணு வருஷத்துல குறிச்ச எடத்துக்குப் போயிச் சேரும். கப்பல் பின்னால கெளம்பி, வேகமாப் போயி, சண்டை போட்டுட்டு, அங்க வந்து பீப்பாயை எடுத்துக்கும். அதாவது, கப்பல் கெளம்புறதுக்கு ரெண்டு வருஷம் முந்தியே, திரும்புறவங்களுக்கான சோறு கெளம்பிரும்.

சரக்குத் தலைமை அதிகாரி மெஹர்பானு அம்மா உத்தரவை நீட்டுனாங்க. அமைதியான பொம்பளை. குரலை உசத்தி நான் கேட்டதே இல்ல.

“அம்மா, தொண்ணூத்தாறு பேருக்குன்னு போட்டிருக்கு. கப்பல்ல நூத்தறுபது பேருல்லா?”

“அது திரும்பும் எண், நயினார்.”

“அப்படின்னா?”

“கணினியில ஆயிரம் தடவை சண்டை போட்டுப் பார்த்தாங்க. சராசரியா அத்தனை பேருதான் திரும்புறாங்க. இது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்சாப் போதும். வெளியில போனா ஒருத்தரும் கப்பல்ல ஏற மாட்டாங்க.”

அப்ப நான் என்ன கேட்டிருக்கணும்? மனுசனா இருந்தா எதைக் கேட்டிருக்கணும்? நான் கேட்டதைச் சொல்றேன், காறித் துப்பினாலும் வாங்கிக்கிறேன்.

“கவண் ஒரே எடையைத்தானே எறியும்? பீப்பாயில குறையிற எடைக்கு என்ன செய்ய?”

“குடைஞ்சு எடுத்த கல்லு கெடக்குல்ல. அதைப் போட்டு நிரப்பச் சொல்லுங்க.”

“சரிம்மா”ன்னு கையெழுத்துப் போட்டேன். அறுபத்துநாலு பேரோட பங்குக்குக் கல்லு. நாப்பது பீப்பாய். எட்டு மாசம் அடைச்சாங்க. ஒவ்வொண்ணா எடைமேடையில ஏத்திப் பார்த்தேன். ஒரு கிராம் பிசகல. மேலதிகாரிகிட்ட பாராட்டு கூட வாங்குனேன்.

அந்த வருஷம்தான் சாப்பாட்டுக் கூடத்துல தகரநாற்காலியை எல்லாம் தூக்கிட்டுக் கல்பெஞ்சு போட்டாங்க. உக்காந்தா இடுப்பு விட்டுப் போகும். “எந்தப் புண்ணியவான் யோசனை இது?”ன்னு நான் ஆவுடையப்பன்கிட்ட சண்டைக்கே போனேன். “குடைஞ்ச எடத்துல சும்மா கெடந்துச்சு வேய், எடுத்துப் போட்டோம். உம்ம இடுப்புக்கு மெத்தையா தைக்க முடியும்?”னு சிரிச்சாரு. நானும் தெனம் மொனங்கிக்கிட்டே அதுலதான் உக்காந்து சாப்பிட்டேன்.

ரெண்டு வருஷம் நல்லாத்தான் போச்சு. பேராச்சி எஞ்சின் பட்டறையில வேலை. பாறைக்கு அந்தப் பக்கத்துல பொறந்து வளந்தவ, என்னைக் கட்டிக்கிட்டு இந்தப் பக்கம் வந்தா. என்னை மாதிரி முசுடு கூட எப்படிக் குப்பை கொட்டுனாளோ, எனக்கு இன்னைக்கும் புரியல. வேலை முடிஞ்சு வந்தா கை முழுக்க மசியா இருக்கும். அந்தக் கையாலேயே என் மூக்கைப் பிடிச்சு ஆட்டுவா. நான் கத்துவேன். அதுக்குத்தான் ஆட்டுவா.

ஒருநா காலையில நான் தோசை ஊத்திக்கிட்டு இருந்தேன். ஒரு தாளைக் கொண்டாந்து என் முன்னால ஆட்டினா.

“ஏங்க, என்னைக் கப்பலுக்குப் போட்டிருக்காங்க! எஞ்சின் பொறுப்பாளருக்கு மூட்டு வலியாம், அவருக்குப் பதிலா நான். அடுத்த மாசம் கெளம்பணும்.”

“எந்தக் கப்பலு?”

“வெள்ளிக்கெண்டை.”

தோசை கருகி வீடெல்லாம் பொகை. பேராச்சி அடுப்பை அணைச்சுட்டு, “பிரியப்போறோம்னு மனச்சடவா? ரெண்டு வருஷம்தானே, வந்துருவேன்”னு சொன்னா. அந்த ‘வந்துருவேன்’தான் எனக்குத் தாங்கல.

நேரா மெஹர்பானு அம்மாகிட்ட ஓடுனேன். “இன்னும் இருபது பீப்பாய் எறிவோம்மா. கல்லு இல்லாம, சோறு மட்டும். என் பங்கைக் குடுத்துடுறேன்”னு மூச்சு வாங்கச் சொன்னேன்.

அவங்க என்னை உக்காரச் சொல்லிட்டுத் தண்ணி குடுத்தாங்க. “இப்ப எறிஞ்சா மூணு வருஷம் ஆகும் நயினார். கப்பல் ஒரு வருஷத்துல அந்த எடத்தைத் தாண்டிரும். அவங்க தாண்டி ரெண்டு வருஷம் கழிச்சு இது போயிச் சேரும். யாரு திங்க?”

“எதிர்ல வேற கப்பல்ல அனுப்பினா?”

“அவ்வளவு தூரம் போற கப்பல் நம்மகிட்ட வேற இல்ல.”

“அப்ப அன்னைக்கே நூத்தறுபது பேருக்கும் அடைச்சிருக்கலாமே! என்ன கெட்டுப்போச்சு?”

அவங்க என் தம்ளரை வாங்கி மேசையில வச்சாங்க. அப்புறம் சொன்னாங்க: “இங்க தோட்டச் சுரங்கத்துல வெளையிறது எல்லாருக்கும் வாய்க்கும் வயித்துக்குமாத்தான் இருக்கு. திரும்பாதவங்களுக்கு அனுப்புற ஒவ்வொரு கிலோவும் இங்க இருக்கிற பிள்ளைங்க தட்டுல இருந்து எடுக்கிறது. அதைப் பார்த்துத்தான் நான் ஒத்துக்கிட்டேன். அன்னைக்கு நீங்களும் ஒரு வார்த்தை கேக்கலையே?”

கேக்கலதான்.

“ஒண்ணு செய்யலாம். உங்க வீட்டம்மா பேரை எடுத்துடுறேன். அந்த எடத்துக்கு வேற ஆள் போகணும். யாருன்னு சொல்லட்டுமா?”

“வேண்டாம்மா! பேரைச் சொல்லாதீங்க”ன்னு காதைப் பொத்திக்கிட்டேன். ஐம்பது வயசு ஆளு, பச்சப்பிள்ளை மாதிரி.

வீட்டுக்கு வந்து பேராச்சிகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். ரகசியக் காப்பு உறுதிமொழி, அது இதுன்னு ஆயிரம் இருக்கு. பொண்டாட்டி முகத்தைப் பார்த்துக்கிட்டு அதையெல்லாம் யாரு காப்பாத்துறது? அவ கத்துவான்னு நினைச்சேன். கையில இருந்த ஸ்பேனரைத் தொடைச்சு ஓரமா வச்சா.

“அந்த அறுபத்துநாலு பேரு யாரு?”

“பேரெல்லாம் கெடையாது. எண்ணிக்கைதான்.”

“பேரு தெரியாமலேயே கல்லு வச்சுட்டீங்க.”

“எடை சரியா இருந்துச்சு பேராச்சி... நான் எடையை மட்டும்தான்...”

“என் எடத்துக்கு யாரு போவாங்கன்னு கேட்டீங்களா?”

“இல்ல.”

“நல்ல வேளை. கேட்டுட்டு வந்து என்னை இருன்னு சொல்லியிருந்தா, உங்க மூஞ்சியிலேயே முழிச்சிருக்க மாட்டேன்.” சொல்லிட்டு என் பக்கத்துல வந்து உக்காந்தா. “பயப்படாதீங்க. எஞ்சினு என் கையில. அடி வாங்காமக் கொண்டாந்து சேர்த்துட்டா அத்தனை பேரும் திரும்பிரலாம்ல?”

அதைக் கேட்டதும் வாய்விட்டு அழுதுட்டேன். “அத்தனை பேரும் திரும்பினாத்தான் பேராச்சி மோசம். தொண்ணூத்தாறு பேரு சோத்தை நூத்தறுபது பேரு திங்கணும். எட்டு மாசமும் பன்னெண்டு நாளும்தான் வரும். மிச்ச அஞ்சரை மாசத்துக்கு ஒண்ணுமே இல்ல.”

அவ முகம் சுண்டிப்போச்சு. என் கையைப் பிடிச்சுக்கிட்டா. அப்புறம் முந்தானையால என் மூஞ்சியைத் தொடைச்சு விட்டா.

“கப்பல்ல நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். தெரிஞ்சா அவங்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்து எண்ண ஆரம்பிச்சிருவாங்க. நீங்களும் இதையே நினைச்சு உருகாதீங்க. எனக்காக ஒண்ணே ஒண்ணு செய்ங்க. இனிமே எதையும் எடை மட்டும் போட்டு அனுப்பாதீங்க. மூடியைத் தொறந்து உள்ள பாருங்க.”

கெளம்புற அன்னைக்கு அவளுக்குன்னு முந்திரிக்கொத்து செஞ்சேன். வெல்லத்துக்கு மூணு பேருகிட்ட கெஞ்சினேன். மூணே மூணு உருண்டை வந்துச்சு. அவ துணிமூட்டைக்குள்ள சொருகி வச்சேன். கப்பல்ல ஏறுறவங்க சொந்தச் சாமானையும் எடை போடணும், ஆளுக்கு மூணு கிலோ. எடை போடுற எடத்துல யாரு நிக்கிறது? நான்தான். முள்ளு மூணு கிலோவைத் தாண்டி நாப்பது கிராம்ல நின்னுச்சு. நான் வேற பக்கம் பார்த்துக்கிட்டு, “சரியா இருக்கு, போ”ன்னேன். என் வாழ்க்கையில நான் சொன்ன முதல் பொய்.

பேராச்சி முள்ளைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. மூட்டைக்குள்ள கைவிட்டு அந்த மூணையும் எடுத்து என் உள்ளங்கையில வச்சா. “பின்னால நிக்கிறவங்க எல்லாரும் அளந்துதான் கொண்டுவந்திருக்காங்க. எனக்கு மட்டும் என்ன? உங்க பேரு கெட்டுரும் கிராம் நயினாரே”ன்னு சிரிச்சுக்கிட்டே மூக்கைப் பிடிச்சு ஆட்டுனா. நான் கத்தல. அன்னைக்குக் கத்த முடியல. கல்யாணத்துலயும் அவளுக்குக் கெடைக்கல, அன்னைக்கும் கெடைக்கல.

பதினோரு மாசம் எப்படிப் போச்சுன்னு எனக்குத் தெரியாது. இருந்தேன், தின்னேன், தூங்கினேன், அவ்வளவுதான். அவ சொன்ன மாதிரி வர்ற மூட்டை, பெட்டி எல்லாத்தையும் தொறந்து பார்க்க ஆரம்பிச்சேன். கூடத்து ஆளுகளுக்கு என்னைக் கண்டாலே கலவரம். “என்ன வேய், இத்தனை வருஷம் இல்லாத பழக்கம்?”னு ஆவுடையப்பன் மெரண்டுபோயிக் கேட்டாரு. பொண்டாட்டி சொல்லிட்டுப் போனான்னு சொன்னேன். அவரு என்னை ஒரு மாதிரியாப் பார்த்தாரு.

ஒருநா மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்துல இருக்கும்போது ஒலிபெருக்கி அலறுச்சு. நம்ம கப்பலும் எதிரிக் கப்பலும் நேருக்கு நேரா ரெண்டு வாரம் மொறைச்சுக்கிட்டு நின்னு, ஒரு குண்டு கூட வெடிக்காம, சமாதானம் பேசித் திரும்பிட்டாங்களாம். வெள்ளிக்கெண்டையில நூத்தறுபது பேரும் பத்திரமாம்!

கூடமே எழுந்து ஆடுச்சு. தட்டைத் தட்டுறாங்க, ஒருத்தரை ஒருத்தர் கட்டிப்பிடிச்சு அழறாங்க. “பேராச்சி வாரா வேய்!”னு ஆவுடையப்பன் என்னை அலாக்காத் தூக்கிட்டாரு. அந்தக் கூடத்துல அந்த நேரத்துல சந்தோஷப்படாதது நான் ஒருத்தன்தான். நூத்தறுபது பேரு. எட்டு மாசமும் பன்னெண்டு நாளும்.

அதுக்கு மேல என்னால முடியல. இருந்த கல்பெஞ்சு மேல ஏறி நின்னேன்.

“நிறுத்துங்கய்யா! ஆடாதீங்க! அவங்க வர மாட்டாங்க!”

ஆட்டம் நின்னுச்சு. எல்லாத்தையும் சொன்னேன். திரும்பும் எண், கையெழுத்து, கல்லு, எல்லாம். “அந்தப் பீப்பாயில பாதிக்குப் பக்கம் கல்லுய்யா! உங்க கையாலேயே போட்டீங்க, நான்தான் போடச் சொன்னேன். அங்க போயித் தொறந்து பார்த்தா கல்லுதான் இருக்கும். எல்லாரும் உசுரோட இருக்கிறதாலேயே எல்லாரும் சாகப்போறாங்க. என்னைப் பிடிச்சு என்ன வேணும்னாலும் செய்ங்க.”

முன்வரிசையில ஒரு பொம்பளை முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டா. அழறான்னு நினைச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, அவ சிரிப்பை அடக்குறா.

ஆவுடையப்பன் மெதுவா நடந்து வந்தாரு. “கீழ இறங்கும் வேய்.”

“அடிக்கணும்னா அடிச்சிரும்.”

“இறங்கும்ங்கேன். நீரு மிதிச்சுக்கிட்டு நிக்கிறது என்ன?”

“பெஞ்சு.”

“எந்த வருஷம் போட்ட பெஞ்சு?”

“அது... வெள்ளிக்கெண்டைக்குப் பீப்பாய் அடைச்ச வருஷம்.”

“எத்தனை பெஞ்சு போட்டோம்?”

“இருபத்தாறு.”

“அத்தனை கல்லு எங்க இருந்து வந்துச்சுன்னு மூணு வருஷத்துல ஒருநாளாவது கேட்டீரா? இடுப்பு வலிக்குன்னுதான் கேட்டீரு.”

நான் கீழ இறங்கி, குனிஞ்சு பெஞ்சைப் பார்த்தேன். கருப்புக் கல்லு. அடியோரத்துல என் கையெழுத்துல, என் சுண்ணாம்புக் கட்டியால போட்ட குறி லேசாத் தெரிஞ்சுது. ‘வெ.கெ. – நிரப்பு எடை.’ நானே குறி போட்டுக் குடுத்த கல்லு. அதுமேலதான் மூணு வருஷமா உக்காந்து சோறு தின்னிருக்கேன்.

“முதல் பீப்பாயில கல்லைத் தூக்கிப் போட்டப்பவே எங்களுக்குப் புரிஞ்சு போச்சு வேய். சோறு கொஞ்சம், கல்லு கொஞ்சம்னா என்ன அர்த்தம்? கப்பல்ல போறது எங்க பிள்ளைக, எங்க அண்ணன் தம்பிக. எவன் பங்கு கல்லுன்னு தெரியாதப்ப எந்தக் கை அதை வைக்கும்? எடுத்து வெளிய போட்டோம். நானூறு வீட்டுலயும் சொன்னோம். வேளைக்கு ஆளுக்கு ஒரு கரண்டி கொறைச்சுக்கிட்டோம். அவல், பயறு, சோத்தை வத்தலாக் காயப்போட்டது, எது கெடாதோ அதெல்லாம். உமக்கு எடை சரியா இருந்தாப் போதும். எடையைச் சரியா வச்சோம்.”

“அப்ப என் கல்யாணத்துல...”

“கல்யாணப்படின்னு கூடுதல் சோறு எப்பவாவது ஒருதடவைதானே அனுமதிக்கிறாங்க? அவ்வளவு சோத்தை ஒரே எடத்துல பார்த்தே வருஷக்கணக்காச்சு. எங்க பிள்ளைக எச்சில் ஊறிக்கிட்டு உக்காந்திருந்துச்சுக. பாதி தின்னுங்க, பாதி கப்பலுக்குன்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தோம். நீரு பஞ்சத்துல அடிபட்டதுகன்னு கத்துனது எல்லாருக்கும் கேட்டுச்சு. போகட்டும், மாப்பிள்ளைதானேன்னு விட்டுட்டோம்.”

நான் அவரு கையைப் பிடிச்சுக்கிட்டேன். “பேராச்சிகிட்டயாவது சொல்லியிருக்கலாமே வேய். பதறிக்கிட்டே போனாளே.”

“உம்மகிட்ட வாக்கப்பட்டு வந்தவகிட்ட எவன் சொல்லுவான்? அவளுக்குக் கல்லு விஷயம் தெரியும்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சிருந்தா ஓடிவந்து சொல்லியிருப்போம்யா.” அவரு குரலு தழைஞ்சு போச்சு. “நீரே சொல்லும், அன்னைக்கே உம்ம காதுல போட்டிருந்தா என்ன செஞ்சிருப்பீரு?”

“திருப்பி அனுப்பியிருப்பேன்”னு சொன்னேன். பொய் சொல்லத் தோணல.

“அதான்”னாரு. அதுல கோவமே இல்ல.

“அறுபத்துநாலு பங்குமா அடைச்சீங்க?”

அங்கதான் அவரு தலையைக் குனிஞ்சாரு. “முடியல நயினாரே. நாப்பத்தேழுதான் முடிஞ்சுது. பிள்ளைத்தாய்ச்சிக இருந்தாங்க, அவங்ககிட்ட வாங்க மனசு வரல. பதினேழு பங்குக்குக் கல்லுதான் போயிருக்கு. அது இன்னைக்கும் எங்களுக்கு உறுத்தல்தான்.”

நான் கணக்குப் போட்டேன். ரெண்டு தடவை போட்டேன். தொண்ணூத்தாறும் நாப்பத்தேழும் நூத்து நாப்பத்துமூணு. நூத்தறுபது பேரும் பத்து வாய் திங்கிற எடத்துல ஒம்பது வாய் தின்னா, வீடு வந்து சேர்ந்துரலாம். அவ்வளவுதான். ஒரு வாய்தான் குறையும்!

“வந்துருவாங்க வேய்!”னு அவரைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டேன். என் மூக்கு அவரு சட்டையில முட்டுச்சு. அந்தச் சட்டையிலயும் எஞ்சின் மசி வாடை.

அப்பத்தான் வாசப்பக்கம் எல்லாரும் விலகுனாங்க. மெஹர்பானு அம்மா நின்னுக்கிட்டு இருந்தாங்க. எப்ப வந்தாங்க, எவ்வளவு கேட்டாங்கன்னு தெரியாது. உறுதிமொழியை மீறுனதுக்கு என்னையும், சரக்கை மாத்துனதுக்குக் கூடத்து ஆளுக அத்தனை பேரையும் அவங்க உள்ள தள்ளணும். சட்டம் அப்படித்தான். அவங்க மெதுவா உள்ள வந்து, ஒரு பெஞ்சைத் தடவிப் பார்த்து, அதுல உக்காந்தாங்க. கண்ணெல்லாம் செவந்திருந்துச்சு.

“கல்லு நல்ல கல்லுதான். எனக்கும் ஒரு தட்டு போடுங்க. ஒரு கரண்டி குறைச்சே போடுங்க”ன்னாங்க.

அதுக்கு அப்புறம் யாரும் அதைப் பத்திப் பேசல.

ஒரு மாசம் கழிச்சு பேராச்சிகிட்ட இருந்து குரல் கடுதாசி வந்துச்சு. அதைக் கூடத்துலயே, எல்லாரையும் பக்கத்துல வச்சுக்கிட்டுக் கேட்டேன். இப்ப எல்லாரும் கேக்கலாம், அவங்க சோறுதானே.

“ஏங்க, நல்லா இருக்கீங்களா? நாங்க பீப்பாய் இருக்கிற எடத்துக்கு வந்துட்டோம். முதல் பீப்பாயைத் தொறக்கிறப்ப எல்லாரும் விசிலடிக்கிறாங்க, எனக்கு மட்டும் உசுரே இல்ல. கண்ணை மூடிக்கிட்டு மூடியைத் திருகினேன். கையில கல்லு தட்டுப்படுதான்னு பார்த்தேன். அவல் தட்டுப்பட்டுச்சு. இன்னும் ஆழமாக் கையை விட்டேன், பயறு. அடிவரைக்கும் சோறுங்க! தோள் வரைக்கும் கையை விட்டுக்கிட்டு ஓன்னு அழுதேன், கேப்டன் எனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சுன்னு மருந்து குடுக்கச் சொன்னாரு.

“பதினெட்டாவது பீப்பாயில, அவலுக்கு நடுவுல ஒரு துணிப்பை. வெளிய எடுத்தவன் அதுல இருந்த பேரைச் சத்தமாப் படிச்சான். அப்புறம் எல்லாரும் திரும்பி என்னைப் பார்க்குறாங்க. உங்க பேரும் என் பேரும். உள்ள மூணு முந்திரிக்கொத்து. குளிர்ல உறைஞ்சு கெடந்துச்சு, எஞ்சின் குழாய் மேல வச்சுச் சூடாக்கினோம். ஒண்ணை நொறுக்கி நூத்தறுபது பேரும் தூளாத் தொட்டு நக்கினோம், நம்ம கல்யாணத்துல நான் நக்குன மாதிரி. மிச்ச ரெண்டையும் நான்தான் வச்சுக்கணும்னு சொல்லிட்டாங்க. ஒண்ணைத் தின்னுட்டேன். ஒண்ணு உங்களுக்கு, கொண்டு வாரேன். ஆனா பாகுல வெல்லம் கொஞ்சம் கூடிப்போச்சுங்க. நீங்க எடை பார்த்துப் போட்டிருக்கலாம்.”

கூடம் குலுங்கிச் சிரிச்சுது. ஆவுடையப்பன் கண்ணைத் தொடைச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. அந்தப் பை எந்த வீட்டுல இருந்து போச்சுன்னு கேட்டேன். ஒருத்தரும் கை தூக்கல. எல்லா வீட்டுல இருந்தும்தான் போயிருக்கும்.

நான் எழுந்து நின்னு தொண்டையைச் செருமினேன். மூணு வருஷக் கோவத்தை எப்படி இறக்கி வைக்கிறதுன்னு தெரியல, வந்த மாதிரி பேசினேன்.

“பேராச்சி வந்ததும் மறுபடி பந்தி வைக்கப்போறேன். நானூறு குடும்பமும் வரணும். அன்னைக்கு யாரும் பாதியில கையைக் கழுவக் கூடாது.” அதோட நிறுத்தியிருக்கலாம். ஆவுடையப்பன் முகத்தைப் பார்த்ததும் இதையும் சொல்லிட்டேன்: “ஆனா தூக்குச்சட்டி கண்டிப்பாக் கொண்டு வாங்க.”